ஒரே மகள்

பீட் வயல் பெண் என்று
கோப்பின் முதுகில் எழுதியிருந்தது.
சர்க்கரைக்கு விளைகிற வெள்ளைக் கிழங்கு.
எண்பத்தொன்று அக்டோபரில்
அறுவடை இயந்திரம் மூன்றாம் சாலில் நின்றுவிட்டது.
வடக்கு டகோட்டாவில் அதற்குள் மண் இறுகத் தொடங்கிவிடும்.
மாவட்டச் செலவில் பெட்டி. கல்லில் ஓர் எண்.

நான் போலீஸ் இல்லை.
யார் வேலி யார் பக்கம் என்று
நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் பார்த்தவள்.
ஓய்வுக்குப் பிறகு அதே வேலையை
இரத்தத்தில் பார்க்கிறேன்.

டெப்யூட்டி ப்ரெக்கே கல்லறையைத் திறந்து
ஒரு கடைவாய்ப் பல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினான்.
அவளோடு எழுபத்தொரு சென்டிமார்கன் ஒத்துப்போனவர்
ரெஜைனா நகரத்தில் பஸ் ஓட்டுகிறார்.
மருமகன் தந்த கிறிஸ்துமஸ் பரிசு, ஒரு குழாய்.
தன் முன்னோர் கோசாக்கா என்று பார்க்கத்தான்
அதில் துப்பியிருக்கிறார்.

எழுபத்தொன்று என்றால்
கொள்ளுத் தாத்தாவையும் தாண்டி
எள்ளுத் தாத்தாவில் போய்ச் சேரும் உறவு.
கொள், பிறகு எள்:
மேலே போகப் போக
மனிதர் விதையளவு ஆகிவிடுகிறார்கள்.

சமையலறைச் சுவரில் பழைய வால்பேப்பரைத் திருப்பி ஒட்டி
வரைய ஆரம்பித்தேன்.
ஹ்ரினியுக், கிரினிக், கிரீன்:
ஒரே குடும்பம், மூன்று குமாஸ்தாக்கள்.
கப்பல் பட்டியல், மணப்பதிவு, கோதுமைக் கடன் பத்திரம்.
நூற்று எண்பத்துநாலு பேர்.
படுக்கையில் செத்தவர்களை அடித்தேன்.
வயது ஒத்துவந்த ஏழு பெண்களும் உயிரோடிருந்தார்கள்,
ஒருத்தி போனிலேயே என்னைத் திட்டினாள்.
மரம் முழுசாகிவிட்டது.
அவள் அதில் இல்லை.

எட்டு மாதம் கழித்து,
மானிடோபாவில் டாஃபின் ஊர்த் தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகம்.
ஐம்பத்தொன்பதாம் வருடம், மெழுகுக் கறைக்குக் கீழே
ஹால்யா, இரண்டாவது பெண்.
தொண்ணூற்று நாலில் தாய்க்கு வந்த இரங்கல் அறிவிப்பிலோ
'ஒரே மகள் ஓரிஸியாவை விட்டுச் சென்றார்.'
கணக்கு உதைத்தது.
குழந்தையிலேயே போயிருந்தால்
புதைத்த குறிப்பு இருக்க வேண்டுமே.

ஓரிஸியாவைக் கூப்பிட்டேன்.
"அவள் பேச்சை எடுக்காதீர்கள்.
என் பச்சைக் கோட்டைத் தூக்கிக்கொண்டு
எல்லை தாண்டிப் போனவள்.
சர்க்கரை ஆலையில் வேலையாம்.
ஒரு கடுதாசி இல்லை, ஒன்றே ஒன்று."

என் முன்னால் சான்றுப் பட்டியல். நாலாவது வரி.
நான் அதை வாசிக்கவில்லை.
அவளாகவே சொன்னாள்:
"முழங்கையில் பழுப்பு ஒட்டு. நான் தைத்தது."
ஆமாம், என்றேன்.

அந்தப் பக்கம் ரேடியோ
கடுகு விலை சொல்லிக்கொண்டிருந்தது.

"எப்போது?"
எண்பத்தொன்று, அக்டோபர்.
"செப்டம்பர் கடைசியில்தானே கிளம்பினாள்."
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்போ எழுத அவளுக்கு
மூன்று வாரம்தான் இருந்திருக்கிறது."

நாற்பத்தோரு வருடத்துக் கோபம்.
திருப்பி அனுப்ப முகவரி இல்லை.

கொன்றது யாரென்று அவள் கேட்கவில்லை.
அது என் பக்கத்துச் சுவர்.
நகத்தடியில் கிடைத்த யாரோ ஒருவன்.
இதுவரை சிக்கியது ஒரு தூரத்துச் சொந்தம்,
ஆயோவாவில் தேனீ வளர்க்கிறாள்,
பாவம், ஒன்றும் அறியாதவள்.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஓரிஸியா
உள்ளூர்ப் பத்திரிகைக்கு போன் போட்டாளாம்.
தொண்ணூற்று நாலில் வந்த இரங்கல் அறிவிப்பில்
இப்போது திருத்தம் போட முடியுமா?
அங்கிருந்த பெண் காத்திருக்கச் சொல்லி
பாட்டுப் போட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து,
மூன்று வரிக்குள் என்றால் நாற்பது டாலர் என்றாளாம்.
'ஒரே மகள்' என்பது 'இரு மகள்கள்' ஆக வேண்டும்,
அவ்வளவுதான்.
படிவத்தில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது.
தவறு யாருடையது, எங்களுடையதா, எழுதிக் கொடுத்தவருடையதா?

"என்னுடையது" என்றாளாம்.
பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாளாம்.